குடிக்கிற தண்ணீர்

தணிகைவேலன் துணை

திருத்தணி
18-10-1983

அன்புள்ள பாவாவுக்கு,

ஜம்புலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆட்கள் எல்லாரும் சுகம்தான். வீட்டுக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லை போலத் தெரிகிறது.

முதலில் அம்சாவின் சேதி. போன வாரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். நர்ஸ் கன்னியம்மாள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பிள்ளை நன்றாக இருக்கிறது, மார்கழியில் படித் திருவிழா சமயத்துக்கு எதிர்பார்க்கலாம் என்றார்கள். கால் மட்டும் வீங்குகிறது. உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். உங்கள் பெண்டாட்டி உப்பைக் குறைத்து ஊறுகாயைக் கூட்டிக்கொண்டாள். என் தங்கச்சிதானே, வேறு எப்படி இருப்பாள்!

இரவில் துணைக்கு என் வீட்டுக்காரி எல்லம்மாள் போய்ப் படுத்துக்கொள்கிறாள். என் வீட்டுக்கு வந்துவிடு என்று சொல்லிப் பார்த்தேன். தலைப்பிள்ளை என் வீட்டில் பிறந்து ஒன்பதாம் நாள் போனதிலிருந்து அவள் என் வாசற்படி மிதித்தால் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவாள், உட்காரக்கூட மாட்டாள். உங்களுக்குத் தெரியும். எட்டு வருடம் ஆகிவிட்டது, என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லித் தொலைத்திருந்தாலாவது தேவலை. இந்தப் பிள்ளை என் புருஷன் கட்டின வீட்டில்தான் பிறக்கும் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

அந்த வீட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

புரட்டாசி பாதியிலிருந்தே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. பின்னறைக் கதவு பத்து நாளுக்கு முன்னால் சாத்த வராமல் போயிற்று. தச்சனைக் கூப்பிட்டு இழைத்தேன். இரண்டு நாள் சாத்தினது, மறுபடி பிடித்துக்கொண்டது. மரம் ஊறியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் குனிந்து பார்த்தால், கதவு இறங்கவில்லை, தரை ஏறியிருக்கிறது. பின்னறையின் நடுவில் ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் சிமெண்ட் பூசின மாதிரி லேசாக ஒரு மேடு. அம்சா அங்கே சொம்பை வைத்தால் ஆடுகிறது. அவள் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நந்தியாற்றுப் பக்கத்துக் களிமண் எப்படிப்பட்டது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசியில் பூரி மாதிரி உப்பும். அந்தப் பக்கம் கட்டின வீடு ஒன்றாவது விரிசல் இல்லாமல் நின்றிருக்கிறதா? அதனால்தானே நீங்கள் மூன்றடி ஆழத்துக்கு மண்ணை எடுக்கச் சொல்லி, கலவை போடச் சொன்னீர்கள். நூறு கூடை மண்ணுக்கு அரிசி ஆலையிலிருந்து உமிச்சாம்பல் எட்டுக் கூடை, வெல்டிங் பட்டறையில் கொட்டிக் கிடக்கிற வெள்ளைச் சுண்ணாம்புக் கழிவு ஐந்து கூடை. தணிகாசலம் மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "வூடு கட்றாங்களா, வடாம் போட்றாங்களா?" என்று கேட்டதை அப்போதே எழுதினேன். ஆனாலும் நீங்கள் எழுதின கணக்கு ஒரு கூடைகூடக் குறையவில்லை. திமிசு போட்டு இறுக்கியதற்கு நானே சாட்சி. ஈரச் சாக்குப் போட்டு மூடி, பதினாலு நாள் தண்ணீர் காட்டினோம். நீங்கள் சொன்ன மாதிரி குடிக்கிற தண்ணீர்தான் ஊற்றினோம்.

கூடத்துத் தரை கல்லு மாதிரி இருக்கிறது. பின்னறை மட்டும் ஏன் இப்படி என்று தெரியவில்லை. உங்கள் இன்ஜினியர் தை மாதம் லீவில் வரும்போது நம் வீட்டைப் பார்க்க வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குள் அடங்கிவிடுமா? புது மண் இப்படித்தான் கொஞ்சம் அசையும், பிறகு நின்றுவிடும் என்று உங்கள் மண் சோதனைக்கூடத்தில் சொல்வார்களா? அப்படி இருந்தால் ஒரு வரி எழுதுங்கள், மனசு ஆறும்.

அம்சாவிடம் நான் ஒன்றும் பெரிசாகச் சொல்லவில்லை. நீங்களும் பயமுறுத்தாமல் எழுதுங்கள். எப்போதும் போல நான்தான் படித்துக் காட்ட வேண்டும்.

அசாமில் குளிர் ஆரம்பித்திருக்கும். கம்பளி இல்லாமல் வேலைக்குப் போகாதீர்கள்.

அன்புள்ள
ஜம்புலிங்கம்


தணிகைவேலன் துணை

திருத்தணி
19-11-1983

அன்புள்ள பாவாவுக்கு ஜம்புலிங்கம் வணக்கம்.

உங்கள் கடிதம் தீபாவளி கழிந்து ஒரு வாரத்தில் வந்தது. தீபாவளிப் புடவையைப் பற்றி நீங்கள் தனியாக எழுதியிருந்ததை அம்சாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். மூன்றாம் தரமும் கேட்டாள். உனக்கு மட்டும் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி அனுப்பச் சொல்கிறேன் என்றேன். நானும் சளைக்காமல் படித்தேன், அதில் எனக்கு என்ன நஷ்டம்.

ஆனால் வீட்டைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தது என்னைக் கட்டிப்போட்டுவிட்டது பாவா. "கலவையும் கணக்கும் தண்ணீரும் சரியாக இருந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. கொஞ்சம் அசைந்து நிற்கும். வீட்டை விட்டு எங்கும் போகவேண்டாம்" என்று எழுதிவிட்டீர்கள். நான் எழுதினதை வைத்துத்தானே நீங்கள் எழுதுவீர்கள். உங்கள்மேல் தப்புச் சொல்லவில்லை.

அது நிற்கவில்லை. மேடு இப்போது தாம்பாளமாக இல்லை, கவிழ்த்த முறம் மாதிரி அறை முழுக்கப் பரவிவிட்டது. சிமெண்ட் பூச்சு நடுவில் பிளந்து, பிளந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பின்னறைத் தரை நடுச்சுவரைக் கூடத்துப் பக்கமாகத் தள்ளுகிறது. சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல், என் சுண்டுவிரல் போகும். காலையில் ஒன்று பார்த்தால் சாயங்காலம் இன்னொன்று பார்க்கிறேன்.

கூடத்தில் படுத்துக்கொள்ளச் சொல்லேன் என்று கேட்பீர்கள். அங்கேதான் படுக்கிறாள். அதனால் என்ன லாபம்? முன் உத்தரமும் பின் உத்தரமும் சேர்ந்து உட்கார்ந்திருப்பது அந்த நடுச்சுவர்மேல்தானே. வீடு கட்டும்போது பின் உத்தரத்தின் நுனி சுவர்மேல் ஆறு விரல்கடை உட்கார்ந்திருந்தது. நேற்று ஏணி போட்டுப் பார்த்தேன், நாலு விரல்கடைதான் இருக்கிறது. சுவர் நகர நகர உத்தரத்துக்குக் காலடியில் இடம் குறைகிறது. மேலே இருப்பதெல்லாம் சீமை ஓடு.

உத்தரத்துக்கு அடியில் இரண்டு சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்தேன். நாலு நாளில் ஓடு கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. பார்த்தால், முட்டின் கால் நிற்பது அந்தத் தரைமேல். தரை ஏறுகிறது, கம்பையும் தூக்குகிறது, கம்பு உத்தரத்தைத் தூக்குகிறது. நான் தாங்கட்டும் என்று வைத்தது கவிழ்க்கப் பார்த்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. உருவி எறிந்துவிட்டு, கூடத்துப் பக்கமிருந்து சுவருக்குச் சாய்வாக முட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தரையாவது அசையாமல் இருக்கிறது.

பின்னறைத் தரையைத் தோண்டி எடுத்துவிடலாம் என்று மேஸ்திரியை அழைத்துப் போனேன். கடப்பாரையைப் பார்த்ததும் அம்சா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டில் ஆணிகூட அடிக்கக்கூடாது, கடப்பாரை போடுவதா என்று கேட்டாள். மேஸ்திரியும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார். "அந்தப் பாவத்துக்கு நான் ஆளாவ மாட்டேம்பா, வேற ஆள பாரு" என்று கடப்பாரையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் எதைச் சொல்லி அவர்களை அதட்டுவது? எனக்கே உள்ளுக்குள் அந்தப் பயம் இருக்கிறது.

அதனால் ஒரு காரியம் செய்தேன். கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்துப் படித்துவிட்டேன். "மழை முடிகிறவரை ஜம்பு வீட்டில் போய் இரு, இது என் உத்தரவு" என்று நீங்கள் எழுதியிருப்பதாகப் படித்தேன். "எங்கும் போகவேண்டாம்" என்ற வரியை விழுங்கிவிட்டேன். அவள் கடிதத்தை வாங்கி மடித்து உறைக்குள் வைத்தாள். அப்புறம், "ஆங், அவுரே சொன்னாருன்னா சரி. வர்ற வெள்ளிக்கிழம வர்றேன்" என்றாள். முகம் செத்துப் போயிருந்தது. பார்க்க எனக்குச் சகிக்கவில்லை, ஆனாலும் சந்தோஷம்தான். எல்லம்மாள் இப்போதே எங்கள் முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறாள். என் சாயப்பட்டறையை ஒட்டின அறை வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். போன தரம் அந்த அறைதான்.

நீங்கள் அடுத்த கடிதத்தில் அதே மாதிரி ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் சொன்னது உங்கள் சொல்லாகவே இருக்கட்டும்.

இன்னொன்று. உங்கள் சோதனைக்கூடத்தைப் போல நானும் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். தோட்டத்தில் மீந்து கிடந்த களிமண்ணில் உங்கள் கணக்குப்படியே சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து, இரண்டு பால் பவுடர் டப்பாவில் விளிம்பு வரை இறுக்கி வைத்திருக்கிறேன். தினமும் தண்ணீர் காட்டுகிறேன். எதற்கு என்று இப்போது கேட்காதீர்கள். வெல்டிங் பட்டறைச் சுண்ணாம்பில் ஏதாவது கோளாறா என்று பார்க்கத்தான்.

கார்த்திகை தீபத்துக்கு அம்சா உங்கள் பேர் சொல்லி ஒரு விளக்குத் தனியாக வைக்கப் போகிறாளாம். நீங்களும் அங்கே ஒன்று ஏற்றுங்கள்.

அன்புள்ள
ஜம்புலிங்கம்


தணிகைவேலன் துணை

திருத்தணி
4-12-1983

பாவா,

இந்தக் கடிதத்தை நீங்கள் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும். கூட இருப்பவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

அம்சா வரவில்லை. அவள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

அவள் சொன்ன அந்த வெள்ளிக்கிழமை வண்டி பேசிக்கொண்டு போனேன். அவள் பெட்டி கட்டவில்லை. அடுப்பங்கரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு மனோரமா டீச்சர் நின்றுகொண்டிருந்தார்கள், கையில் உங்கள் கடிதம். புறப்படுவதற்கு முன் இன்னொரு தரம் கேட்கலாம் என்று அம்சா டீச்சரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி ஒரு எழுத்து விடாமல் படித்திருக்கிறார்கள். அந்தப் புடவை விஷயத்தை மறுபடி கேட்கத்தான் கொடுத்தாளாம். என்மேல் சந்தேகப்பட்டுக் கொடுக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

அவள் சத்தம் போடவில்லை. "நீ படிச்சதுல ஒரு வரி அவுரு எழுதவே இல்லியாமேண்ணா. எழுதின வரிய நீ படிக்கவே இல்லியாமே" என்று மட்டும் கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் எழுதினதையெல்லாம் என் குரலில்தான் கேட்டிருக்கிறாள். அன்று ராத்திரியே டீச்சரை உட்கார வைத்து, பெட்டியில் இருக்கிற உங்கள் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறாள், வேறு எதிலெல்லாம் நான் சேர்த்தேன் என்று பார்க்க. ஒன்றிலும் இல்லை பாவா. அந்த ஒரு வரிதான். ஆனால் ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதுமே.

இப்போது உண்மையை எழுதுகிறேன்.

நீங்கள் கலவைக் கணக்கு எழுதிக் கொடுத்த தாளில் "குடிக்கிற தண்ணீர் மட்டும்" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தீர்கள். அந்தக் கோடையை நீங்கள் பாதிதான் பார்த்தீர்கள். நீங்கள் ரயில் ஏறின நாலாம் நாள் வீட்டுக் கிணறு வற்றியது. தெருக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆளுக்கு நாலு குடம். அதை வாங்கப் பெண்கள் குடுமிப்பிடிச் சண்டை போடுகிறார்கள், நான் போய் மண்ணுக்குக் குடிக்கிற தண்ணீர் வேண்டும் என்று நிற்பதா? குடிக்கிறது கூழ், கொப்புளிக்கிறது பன்னீரா என்று நானே சொல்லிச் சிரித்துக்கொண்டேன். உங்கள் படிப்பையும் சேர்த்துத்தான் சிரித்தேன். கூடத்துக்கு மூன்று நாலு நாள் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, மீதி நாளுக்கும் அதற்கு எப்படியோ குடம் குடமாகச் சேர்த்து ஒப்பேற்றினோம். பின்னறைக்குக் காலில் விழுந்தாலும் தண்ணீர் கிடைக்கவில்லை. என் பட்டறையில் நூல் அலசின தண்ணீர் தொட்டி தொட்டியாக நின்றது. தண்ணீர் தண்ணீர்தானே, கழிவுச் சாம்பல், கழிவுச் சுண்ணாம்பு, அதோடு கழிவுத் தண்ணீரும் சேரட்டும் என்று நினைத்தேன். பதினாலு நாளும் பின்னறைச் சாக்கு நனைந்தது என் சாயத் தண்ணீரில். சாக்கெல்லாம் நீலமாகிவிட்டது. மேஸ்திரி கேட்டதற்கு நீலம் போட்டுத் துவைத்த சாக்கு என்றேன். கெட்டிக்காரன் என்று என்னை நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன்.

சாயம் நூலைப் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுகிறோம். சமையல் உப்பு இல்லை, கண்ணாடித் தூள் மாதிரி இருக்கும், அது. அலசும்போது அத்தனையும் அந்தத் தண்ணீரில்தான் போகிறது. இருபது வருடமாக இந்தத் தொழில் செய்கிறவன், அந்த உப்பு சுண்ணாம்போடு சேர்ந்தால் என்ன செய்யும் என்று ஒரு நிமிஷம் நினைக்கவில்லை. துணிக்கு ஆகிற தண்ணீர் மண்ணுக்கு ஆகாதா என்றுதான் நினைத்தேன்.

மழை வந்து தரை ஏறினபோதே எனக்குள் உறுத்தியது. ஐப்பசியில் எழுதின கடிதத்தில் தெரிந்தே பொய் எழுதினேன். இல்லை, அது வேறு ஏதோ காரணம் என்று என்னையே நம்ப வைக்கத்தான் இரண்டு டப்பா வைத்தேன். ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீர், ஒன்றுக்குப் பட்டறைத் தண்ணீர். மூன்று வாரம் ஆயிற்று. குழாய்த் தண்ணீர் டப்பா வைத்தது வைத்தபடி இருக்கிறது, நகத்தால் கீறினால் நகம்தான் தேய்கிறது. மற்றது விளிம்புக்கு மேல் ஒரு விரல் எழும்பி, அதிரசம் மாதிரி வெடித்து நிற்கிறது. வெடிப்புக்குள் அதே வெள்ளைப் பூப்பு. நான் அந்த டப்பாவைப் பட்டறையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

உங்கள் கணக்கில் தப்பு இல்லை. உங்கள் இன்ஜினியரிடமும் சொல்லுங்கள். கூடத்தைப் பார்த்தாலே தெரியும், சுற்றிலும் மழைத் தண்ணீர் தேங்கி நின்றும் ஒரு மயிரிழை அசையவில்லை. கெடுத்தவன் நான்.

இதையெல்லாம் அம்சாவிடம் சொல்லிவிட்டேன். முந்தாநாள் டப்பா இரண்டையும் எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். என்னைக் காறித் துப்புவாள், துப்பிவிட்டாவது எழுந்து வருவாள் என்று போனேன். அவள் டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "அன்னிக்கு அவுரு எழுதாதத எழுதுனாருன்னு படிச்ச. இன்னிக்கு நீ செய்யாதத செஞ்சேன்றியா? டப்பாவுல இன்னாத்த கலந்து வெச்சியோ. என்ன இட்டுகினு போறதுக்கு நீ இன்னும் இன்னா இன்னா சொல்லுவ?" என்று கேட்டுவிட்டு, எனக்குக் காப்பி போட எழுந்து போனாள். நான் அவளுக்காகப் பழியை என்மேல் போட்டுக்கொள்கிறேனாம். அண்ணனுக்கு இவ்வளவு பாசம் ஆகாது என்று எல்லம்மாளிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

பொய்யை உடனே நம்பினாள். நிஜத்தைச் சொன்னால் பாசம் என்கிறாள். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

டீச்சர் தன் வீட்டில் வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போகவில்லை. "அவுரு எங்கியும் போவ வாணான்னு எழுதிகிறாரு. அவுரே எழுதட்டும், போறேன்" என்பதுதான் எல்லாருக்கும் பதில். ஆஸ்பத்திரியில் முன்கூட்டிப் படுக்கை கேட்டேன். வலி எடுத்த பிறகுதான் சேர்ப்பார்களாம். பெற்று மூன்றாம் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூரைக்குக் கீழே போய்ப் படுப்பாள்.

பின் உத்தரம் இப்போது இரண்டரை விரல்கடைதான் உட்கார்ந்திருக்கிறது. இந்த வாரம் மழை வலுக்கும் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். எல்லம்மாளை அங்கே போக வேண்டாம் என்றால், அவளைத் தனியாக விட்டு நான் இங்கே தூங்கவா என்று கேட்டுவிட்டுப் போகிறாள். இரண்டு பேரும் அதற்குக் கீழேதான் படுக்கிறார்கள். பெரிய மழையாக இருந்தால் நான் குடையை எடுத்துக்கொண்டு போய்க் கூடத்து முட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சுவர் வந்தால் என் கையா தாங்கப் போகிறது? தெரியும். ஆனாலும் வீட்டில் உட்கார முடியவில்லை.

நீங்கள் லீவு கேட்டாலும் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். தந்தி கொடுத்தாலும் உங்கள் முகாமுக்கு வாரத்துக்கு ஒரு தரம் வருகிற லாரியில்தான் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் எல்லாவற்றையும் கடிதத்திலேயே எழுதுகிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே அம்சாவுக்கு எழுதுங்கள். அந்த வீட்டை விட்டு உடனே வெளியே வா என்று எழுதுங்கள். என் வீட்டுக்கு என்று எழுத வேண்டாம். டீச்சர் வீட்டுக்கு என்று எழுதுங்கள். என் வீடு அவளுக்கு வேண்டாம், நான் அதைக் கேட்கவில்லை. உறையின்மேல் என் பெயர் போடாதீர்கள். மனோரமா டீச்சர் பெயருக்கு அனுப்புங்கள், அவர்களே பிரித்துப் படிக்கட்டும். அவர்கள் படிக்கும்போது நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

அது மட்டும் போதாது. டீச்சரையும் நான் சரிக்கட்டிவிட்டேன் என்று நினைப்பாள். அதனால் அந்தக் கடிதத்தில், உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒரு வார்த்தை எழுதுங்கள். எனக்குத் தெரியாதது, யாருக்கும் தெரியாதது. நீங்கள் அவளைத் தனியாகக் கூப்பிடுகிற பேரோ, என்றைக்கோ சொன்ன ஏதோ ஒன்றோ. புருஷன் பெண்டாட்டிக்குள் இருப்பதை எழுதச் சொல்லிக் கேட்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதுங்கள். படிக்கும்போது டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

என்னைப் பற்றி அதில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஜம்பு பாவி, பொய்யன், ஆனால் வீட்டைப் பற்றி அவன் சொன்னது நிஜம்தான் என்று எழுதுங்கள். இந்த வீட்டைக் கெடுத்தது அவன்தான் என்று நீங்கள் சொன்னால் நம்புவாள். நம்பின பிறகு என் முகத்தில் முழிக்கமாட்டாள். பரவாயில்லை. அவள் வெளியே நின்று என்னைத் திட்டட்டும்.

எட்டு வருடத்துக்கு முன்னால் நீங்கள் நாசிக்கில் இருந்தபோது, தலைப்பிள்ளை போன சேதியை உங்களுக்கு எழுதினவன் நான்தான். பட்டறைப் பக்கத்து ஈர அறையில் தாயையும் பிள்ளையையும் படுக்க வைத்தவனும் நான்தான். அதை அந்தக் கடிதத்தில் எழுதவில்லை. காய்ச்சல் என்று மட்டும் எழுதினேன். நீங்கள் திருப்பி ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த மாதிரி இன்னொரு கடிதம் எழுத என்னால் ஆகாது பாவா. கை வராது.

தணிகைமலையான் உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும். சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் மச்சான் என்று சொல்லிக்கொள்ளத் தகுதி இல்லாத
ஜம்புலிங்கம்